திருகோணமலையில் இருந்துகொண்டு பூச்சி பாதுகாப்பையும் இயற்கைக் கல்வியையும் தொழிலாகச் செய்யலாமா?

உவர்மலை_தும்பி கேட்டது:

வணக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் காணாது. வண்ணத்துப்பூச்சி, தும்பி, தேனீ இவற்றைப் பற்றிப் படிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் விருப்பம். "பூச்சி பாத்துச் சோறு தின்னலாமோ?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு நேரான பதில் வேண்டும். சம்பளம் வருகிற வேலை எது, என்ன படிக்க வேண்டும், பாடசாலைகளில் நிகழ்ச்சி தொடங்குவதென்றால் என்ன சாமான், எவ்வளவு, யாரிடம் அனுமதி? கொழும்புக்குப் போய் இருக்க வசதி இல்லை. திருமலையை (திருகோணமலையை) அடியாக வைத்துச் சொல்லுங்கோ.

கந்தளாய்_வான்கதவு:

தம்பி, 'பூச்சி பாதுகாப்பு உத்தியோகத்தர்' என்று வர்த்தமானியில் அழைப்பு வராது. வேலை இருக்கிறது, வேறு வேறு பெயரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

நிரந்தரச் சம்பளத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது சுகாதாரத் துறை. பூச்சியியல் உத்தியோகத்தர், பூச்சியியல் உதவியாளர் என்று பதவிகள் உண்டு. நுளம்புதான் அங்கே வேலை. கிணறு, நீர்த்தாங்கி, ரயர், கூரைப்பீலி எல்லாம் பார்த்துக் குடம்பி (புழுப்பருவம்) எடுத்து, நுணுக்குக்காட்டியில் இனம் பிரிக்க வேண்டும். இலங்கைக்கு 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. இந்தியாவில் நகர்ப்புற மலேரியாவைக் காவும் அனொபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தாங்கியிலும் பெருகும் சாதி. ஆகவே கண்காணிப்புக்கு ஆள் வேண்டியே இருக்கும். 'இது கொல்லுகிற வேலையல்லோ' என்று முகம் சுளிக்க வேண்டாம். குடம்பி அள்ளுகிற அதே அகப்பையில் தும்பிக் குடம்பி, நீர்வண்டு, நீர்மூட்டை எல்லாம் ஏறும். இனம் பிரிக்கும் கை அங்கேதான் பழகும். தகைமை, வயதெல்லையை ஒவ்வொரு அழைப்பிலும் நேரடியாகப் பாருங்கோ, யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது விவசாயம். வவுனியா, பாலமுனை விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா முடித்தால் விவசாயப் போதனாசிரியர் பக்கம் வழி திறக்கும். இதை ஏன் பூச்சி பாதுகாப்பு என்கிறேன்? தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் விதைத்த சில கிழமையிலேயே இலை சுருட்டும் புழுவைக் கண்டு மருந்தடிப்பார்கள். அதில் முதலில் சாவது சிலந்தியும், பயிர்ச்சாறு உறிஞ்சும் அறக்கொட்டித் தத்தியின் முட்டையைக் குடிக்கும் மிரிட் மூட்டையும். அறக்கொட்டியின் முட்டை இலைமடலுக்குள் இருப்பதால் தப்பிவிடும். பொரித்து வரும்போது தின்ன ஆளில்லை, பயிர் வட்டம் வட்டமாகக் கருகும். பிறகு அதற்கு வேறொரு மருந்து. முதல் 40 நாளுக்கு இலை தின்னும் பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டாம், பயிர் தானே தேறிவிடும் என்பதை ஒரு கமக்காரர் அமைப்புக்குப் புரியவைத்தால் அதுவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பூச்சி பாதுகாப்பு. நாலு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் சேர்ந்தாலும் அந்த அளவு வராது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பெரிய திட்டங்களுக்கு இது வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் களநாள் கணக்கில் ஆள் எடுக்கும். அவர்கள் கேட்பது அழகான படமல்ல. விஞ்ஞானப் பெயர், ஜி.பி.எஸ், எண்ணிக்கை, எந்த முறையில் எண்ணினீர்கள் என்பது, தேசிய செம்பட்டியலில் (அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியல்) அதன் நிலை, இந்நாட்டுக்கே உரியதா இல்லையா. முறை எழுதாத பட்டியலைக் குப்பைத்தொட்டியில்தான் போடுவார்கள்.

அந்த முறையை இப்போதே பழகலாம். 500 மீற்றர் பாதை ஒன்றை நிரந்தரமாகத் தெரிவு செய்யுங்கோ. கன்னியா வீதியோரப் பற்றையோ, வயல் வரம்போ, எதுவும் சரி. கிழமைக்கு ஒரு தடவை, காலை 8.30க்கும் 11க்கும் இடையில், மழையும் பலத்த காற்றும் இல்லாத நாளில் ஒரே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர் என்ற பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். அரை மணித்தியாலம் போதும். பெட்டிக்கு வெளியே அரிய பூச்சி நின்றால் தனியாகக் குறிக்கலாம், எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. பலர் பிழைவிடுவது இங்கேதான்: ஒன்றும் காணாத நாளில் தாளை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். பூச்சியம்கூடத் தரவுதான். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் விழுகிற பூச்சியம் இல்லாவிட்டால், மாரிக்குப் பிறகு ஏறினது எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது?

படிப்பு: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், விலங்கியலுக்கு மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலைக்குத்தான் போக வேண்டும். இசட் புள்ளி இல்லாதவருக்குத் திறந்த பல்கலைக்கழக விஞ்ஞானமாணி இருக்கிறது. ஆங்கில மொழிமூலம், செய்முறைக்கு நிலையத்துக்குப் போயே தீர வேண்டும், காலமும் கூட எடுக்கும். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் கிரிதலையில், பொலன்னறுவைப் பக்கம். அங்கே பாடநெறிக்கு அழைப்பு வந்தால் விடாதீர்கள்.

சீனன்குடா_சில்வண்டு:

அனுமதி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். 2009 திருத்தத்துக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சி, தும்பி இனங்கள் பலவும் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை. தேசிய பூங்கா, சரணாலயத்துக்குள் எறும்பைக்கூட எடுக்க முடியாது. அங்கே மாதிரி எடுத்து ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்கள அனுமதி, ஒதுக்கக்காடு என்றால் வனத் திணைக்கள அனுமதி. இதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். 2024இல் யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்குக் கொழும்பு நீதவான் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது.

திருமலைக்கென்று வேறு சில சிக்கல். துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை இடங்கள் நிறைய. கமராவும் வலையுமாக வேலியோரம் நின்றால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுத்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கோ. பாடசாலை நிகழ்ச்சிக்கு அதிபரின் சம்மதம் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து அனுமதி வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போடாதீர்கள்.

இரவில் வெளிச்சத்திரை கட்டுகிறவர்களுக்கு: வெள்ளைத் துணி 2 மீற்றருக்கு ஒன்றரை மீற்றர், பக்கத்தில் புறஊதாக் குழல்விளக்கு. வீட்டு எல்.ஈ.டி குமிழில் புறஊதா இல்லாத அளவுதான், அந்துப்பூச்சி மினக்கெட்டு வராது. அமாவாசையை ஒட்டிய நாள், காற்றில்லாத இடம், மாலை 6.30இலிருந்து 9.30 வரை. கடற்கரையில் கட்டவே கூடாது. ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் தரைப்பக்கம் ஏறிவிடும். கந்தளாய், சோமாவதிப் பக்கம் யானை, இரவு வேலை வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு துணியை அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கோ. உடனே உதறினால் பல்லிக்குத்தான் விருந்து.

கறிவேப்பிலைக்_காரி:

பாடசாலைப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஒரு பாடவேளைதான் கிடைக்கும், வகுப்பில் 35 பிள்ளைகள். அந்த அளவுக்கு அடங்குகிற வேலையைத்தான் கொண்டுபோக வேண்டும். ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' பாடத்தோடு சேர்த்தால் ஆசிரியருக்குச் சுமையில்லை. மேல்வகுப்புக்குச் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் திட்டம், பதக்கத்துக்குச் செயற்பாடு காட்ட வேண்டும் என்பதால் பொறுப்பாசிரியரே உங்களைத் தேடி வருவார்.

தொடக்கத்துக்குத் தேசிமரமும் (எலுமிச்சை) கறிவேப்பிலையும் போதும். தேசியில் தேசி வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலையில் கறுப்பில் வெள்ளைப் பட்டி போட்ட மோர்மன் வண்ணத்துப்பூச்சி. இரண்டின் குடம்பியும் முதல் நாலு பருவத்தில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், ஐந்தாவது பருவத்தில்தான் பச்சையாகும். மெதுவாக முதுகைத் தொட்டால் தலைக்குப் பின்னால் கவர்விட்ட கொம்பொன்று நீட்டி நாற்றம் அடிக்கும். பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு மறக்காத பாடம் அதுதான். முட்டை 3–4 நாள், குடம்பி இரண்டு கிழமை அளவு, கூட்டுப்புழு 8–10 நாள். ஒரு மாதத்துக்குள் முழுச் சக்கரமும் முடிந்துவிடும். ஆகவே தவணைப் பரீட்சைக்கு ஐந்து கிழமைக்கு முன்னரே தொடங்குங்கோ.

எடுப்பது முட்டையாக இருக்கட்டும், பெரிய புழுவை எடுக்காதீர்கள். வெளியில் வளர்ந்த பெரிய புழுவுக்குள் ஒட்டுண்ணி ஈ முட்டை வைத்திருக்கும். கடைசியில் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக ஈ வரும். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் முதல் தடவையே அது நடந்தால் வகுப்பே அழும்.

பெட்டி 30 சென்ரிமீற்றர் சதுரம், 45 உயரம். மரச்சட்டத்தில் நுளம்புவலை அடிப்பார்கள், அது போதாது. கூட்டுப்புழு ஆன முதல் நாள் தோல் மென்மையாக இருக்கும்போது குத்தி முட்டையிடுகிற மிகச் சிறிய குளவி வலைக்கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். மெல்லிய வொயில் துணி நல்லது. அடியில் பழைய பத்திரிகைத் தாள், தினமும் மாற்ற வேண்டும். கொப்பைச் சிறு போத்தல் தண்ணீரில் வைத்து வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கோ, அடைக்காவிட்டால் புழு இறங்கிப் போய்த் தண்ணீரில் சாகும். ஒரு பெட்டிக்கு ஐந்து புழுவுக்கு மேல் வேண்டாம். கடைசிப் பருவத்தில் அவை தின்னும் வேகம் தெரியாமல் ஐம்பது முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு முழக் கன்றை நாலு புழு ஒரு கிழமையில் மொட்டையாக்கிவிடும், பிறகு இலைக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கின கறிவேப்பிலையைப் போடவே வேண்டாம், மருந்தடித்ததாக இருக்கும். காலையில் போட்டால் மத்தியானம் எல்லாம் சுருண்டு கிடக்கும்.

ஒரு புழு கறுத்து, தொளதொளத்து, நாறித் தொங்கினால் அது வைரசு. அந்தப் பெட்டியை முழுதாக வெறுமையாக்கி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 20 நிமிடம் ஊறவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி பாவிக்கலாம். எறும்புக்கு மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்கள். அதில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடுங்கோ, இல்லாவிட்டால் நுளம்பு பெருகி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பாடசாலைக்கும் பொருந்தும்.

வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் காலையில் வெளிவரும். சிறகு விரிய 20 நிமிடம், காய்ந்து இறுக இரண்டு மணித்தியாலம். தொங்குவதற்குக் குச்சியோ சொரசொரப்பான துணியோ இல்லாவிட்டால் சிறகு மடங்கியபடியே காய்ந்து போகும், திருத்த முடியாது. அப்போது சொட்டும் சிவந்த நீர் இரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. முதலிலேயே சொல்லிவையுங்கோ. முட்டை எடுத்த அதே இடத்தில் விடுவியுங்கோ. விழாவில் பிரமுகர் கையால் நூறு பூச்சி பறக்கவிடுகிற வேலைக்கு யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுவதுதான் மரியாதை.

எருக்கலையில் வரும் செம்மஞ்சள் பூச்சியும் நல்லது, வறண்ட மாதத்திலும் கிடைக்கும். ஆனால் எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் கண்மணியைப் புண்ணாக்கும். சின்ன வகுப்புக்கு இலையை நீங்களே நறுக்கிக் கொண்டுபோங்கோ, பிள்ளைகளை முறிக்க விட வேண்டாம்.

இன்னொன்று. இங்கே பிள்ளைகளுக்கு எந்தப் புழுவும் மசுக்குட்டிதான் (மயிர்ப்புழு), கண்டால் செருப்பால் மிதிக்கும். மயிர் உள்ளது பட்டால் சொறியும், வழுவழுப்பானது பட்டால் சொறியாது என்ற பிரிவைப் படத்தோடு காட்டினால் பாதி மிதி குறையும். மயிர் இல்லாமல் முள் உள்ள சில பச்சைப் புழுக்களும் சுடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கோ. 'வழுவழுப்பு' என்றதற்குள் அவை அடங்காது.

நிலாவெளி_நண்டு:

தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேனுக்கென்று நாயுண்ணி நடாதீர்கள். பூச்சி வரும், உண்மை. ஆனால் அது காட்டுக்குள் பரவி ஒன்றையும் முளைக்கவிடாத வந்தேறிச் செடி. தேள்கொடுக்கி, கிலுகிலுப்பை இரண்டும் இங்கே தானாகவே முளைக்கும். புலி, காகம் என்று பெயர்பட்ட வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள் அவற்றின் வாடின தண்டில் வந்து குடிக்கும், வாசனைக்கும் எதிரிக்கு நஞ்சாகவும் அந்த இரசாயனம் அவைக்கு வேண்டும். குடம்பிக்குக் கொன்றை, ஆவரசு, மாவிலங்கு, ஆமணக்கு. ஐப்பசி மழையோடு நட்டால் வேர் பிடிக்கும். சித்திரையில் நட்டால் கச்சான் காற்றில் கருகும், ஆகவே தென்மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும். 6 மீற்றருக்கு 4 மீற்றர் நிலம் ஒரு பாடசாலைக்குக் காணும். தண்ணீர்த்தட்டுக்குப் பதிலாக ஈரமணல் தட்டு வையுங்கோ, கொஞ்சம் உப்பும் சாம்பலும் கலந்து. தேங்கின தண்ணீர் இல்லை, நுளம்புக் கதையும் இல்லை. டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்தால், வளர்ப்புப் பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றலாம்.

உவர்மலை_தும்பி:

எல்லாருக்கும் நன்றி அண்ணாமார், அக்கா. உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்து இதில் உழைக்கலாமா? அதோடு, உயிரினப் படங்களைப் போட்டு இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடும் என் படங்கள் பாதிக்கு மேல் பெயரில்லாமல் கிடக்கின்றன, ஏன்?

கந்தளாய்_வான்கதவு:

படத்தை முதலில். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டும் வேண்டும். தும்பிக்குப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனி உறுப்புகளின் கிட்டப்படம் ஒன்று. தேனீக்கு முகமும் சிறகு நரம்பும் தெரியாவிட்டால் யாராலும் சொல்ல ஏலாது. எந்தச் செடியில் இருந்தது என்று எழுதுங்கோ, குடம்பிப் படத்துக்கு அது பாதி விடை. இரண்டு பேர் ஒரே இனப்பெயருக்கு ஒத்துவந்தால்தான் ஆய்வுத் தரம் கிடைக்கும். 'பூச்சி' என்று மட்டும் போட்டுவிட்டால் நிபுணர் கண்ணில் படாது, குடும்பம் வரைக்குமாவது நீங்களே பெயரிட்டுப் போடுங்கோ.

வழிகாட்டி வேலைக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய, சாரதி, பிரதேச, தல என்று வகை உண்டு. உங்களுக்குப் பிரதேச வழிகாட்டிதான் பொருத்தம். ஆனால் கணக்கு ஒன்று இடிக்கும். நிலாவெளி, உப்புவெளிக்கு வெள்ளைக்காரர் வருவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, கடல் அமைதியான காலம். பூச்சி பெருகுவது மாரி மழைக்குப் பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை. இரண்டும் முட்டாது. ஆகவே வறண்ட மாதத்துக்கு வேறு சரக்கு வைத்திருக்க வேண்டும். வற்றுகிற குளத்தின் கரையில் காலை 7 மணிக்குத் தும்பி பார்க்கலாம், கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகுள்ள ரையோதெமிஸ் தும்பி, வண்ணத்துப்பூச்சி மாதிரியே மிதக்கும். பிரக்கிதெமிஸ் கொன்டமினாட்டா என்ற செம்மஞ்சள் தும்பி அழுக்குத் தண்ணீரையும் தாங்கும். நகரத்து வாய்க்காலில் அது மட்டும் நின்றால் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மாமரத்து முசிறுக் கூடு, மணலில் புனல்போலக் குழி வைத்து எறும்பு பிடிக்கும் பூச்சி, இவை இரண்டும் நல்ல வெயிலிலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு பன்ராலா தும்பி கூட்டம் கூட்டமாக வரும். இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கிழக்கு ஆபிரிக்கா வரை கடல் தாண்டும் சாதி அது. 'தும்பி தாழப் பறந்தால் மழை' என்று சொல்லும் ஊரில் இதைக் காட்டிக் கூட்டிப்போக உள்ளூர்ப் பாடசாலைகளே போதும்.

வீட்டுக்குப் பதில் வேண்டும் என்றீர்களே. விவசாய டிப்ளோமாவுக்கு இந்த முறையே விண்ணப்பியுங்கோ. சுகாதாரத் துறை அழைப்பு வரும்வரை வர்த்தமானியை வெள்ளிக்கிழமை தோறும் பாருங்கோ. கிழமைக்கு ஒரு தடவை அந்த 500 மீற்றரை நடவுங்கோ. ஒரு வருடத் தாள் 52 சேர்ந்தால் ஆலோசனை நிறுவனத்துக்கு அனுப்ப உங்களிடம் ஒன்று இருக்கும். பட்டியலை எக்செலில் வையுங்கோ, கொப்பியில் மட்டும் வைத்தால் கறையான் முந்திவிடும், அதுவும் பூச்சிதான்.